எல்லாத் தலைபாரமும் சைனஸ் அன்று

தடுமன் பிடித்து நான்கு நாள் கடந்துவிட்டால் போதும். "எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று கூறிக்கொள்வது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. சற்றே சிந்தித்துப் பாருங்கள். "எனக்கு இதயம் இருக்கிறது" என்று எவரேனும் நோயாகச் சொல்வதுண்டா? சைனஸ் என்பது நோயின் பெயரன்று, உறுப்பின் பெயர். மனிதர் அனைவர்க்கும் அது உண்டு. அவ்வுறுப்பின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியுற்று வீங்கும்போதுதான் அது நோயாகிறது. மருத்துவர்கள் அதனைச் சைனசைட்டிஸ் என்பார்கள். நம் நாட்டு மருத்துவத்தில் பீனிசம் என்னும் பெயரில் கூறப்படுவனவற்றுள் பெரும்பகுதி இதுவே. "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான்.

பெயரைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்நோயைப் பொறுத்தவரை இருவேறு பிழைகள் நம்மிடையே நடைபெறுகின்றன. சைனஸுக்குத் தொடர்பே இல்லாத தலைவலிக்குச் சைனஸ் என்று பெயர் சூட்டி, ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் ஒருபுறம். உண்மையாகவே சைனஸில் சீழ் பிடித்து, அது கண்ணையும் மூளையையும் நெருங்கிக்கொண்டிருக்கையில், "வெறும் சளிதானே" என்று நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோர் மறுபுறம். முதற்பிழை பணத்தையும் நிம்மதியையும் பறிக்கும். இரண்டாவது பார்வையையே, சில வேளைகளில் உயிரையே பறித்துவிடும். எனவே, இதன் அறிகுறிகளையும் வகைகளையும் பிரித்தறியும் முறையை இம்மாதம் சற்று விரிவாகவே காண்போம்.

முகத்தினுள் உள்ள காற்றறைகள்

நம் முகத்து எலும்புகள் கல்லைப்போல் கெட்டியானவை அல்ல. அவற்றினுள்ளே காற்று நிரம்பிய அறைகள் உள்ளன. நெற்றியில், புருவங்களுக்கு மேலே ஓர் இணை. கன்ன எலும்புகளினுள்ளே ஓர் இணை. இரு கண்களுக்கும் நடுவே, தேன்கூட்டின் அறைகளைப் போன்று சிறுசிறு அறைகளாகப் பிரிந்த சல்லடை எலும்பில் ஓர் இணை. தலையின் நடு ஆழத்தில், ஆப்பு வடிவ எலும்பினுள் ஓர் இணை. ஆக நான்கு இணைகள். இவை யாவும் சிறு துவாரங்களின் வழியே மூக்கினுள் திறக்கின்றன.

இவற்றுள் மிகப் பெரியது கன்ன எலும்பறை. பெரியவர்களில் அது ஏறத்தாழ 15 மில்லி லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் அமைப்பில் ஒரு விந்தை காணப்படுகிறது. தண்ணீர்த் தொட்டியைக் கட்டுகிறவர் அதன் வடிகாலைத் தொட்டியின் அடியில்தானே வைப்பார்? கன்ன எலும்பறைக்கோ வடிகால் துவாரம் சுவரின் மேற்பகுதியில் உள்ளது. அப்படியானால் உள்ளே ஊறும் சளி எவ்வாறு வெளியேறுகிறது? சவ்வின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை ஓயாது அசைந்து, சளிப்படலத்தைக் கீழிருந்து மேலாகத் துவாரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் உறங்கும்போதும் இப்பணி நிற்பதில்லை. தடுமனால் சவ்வு வீங்கித் துவாரம் அடைபட்டாலோ, நுண்மயிர்கள் புகையினாலும் கிருமியினாலும் செயலிழந்தாலோ, உள்ளே சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது. சைனசைட்டிஸின் கதை முழுவதும் இவ்வளவுதான்.

இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இக்கன்ன எலும்பறையை விவரித்தார். மேல்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கிய ஒரு பெண்மணிக்கு அவ்விடத்திலிருந்து நீர் வடிவது நிற்காமல் போனது பற்றியும் அதில் அவர் கூறியிருக்கிறார். பல்லின் வேருக்கும் இவ்வறைக்கும் உள்ள நெருக்கம் அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். பிறக்கும்போது கன்ன அறையும் சல்லடை எலும்பறையும் மட்டுமே சிறிய அளவில் இருக்கும். நெற்றி அறை பிறகு மெல்ல வளர்ந்து, ஏறக்குறைய ஆறேழு வயதுக்குப் பின்னரே உருப்பெறுகிறது. ஆகவே மூன்று வயதுக் குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு அழுதால், அதற்கு நெற்றிச் சைனஸ் என்று நீங்களே முடிவு கட்டிவிடலாகாது.

வலி எவ்விடத்தில் எழுகிறது?

எந்த அறை பாதிக்கப்பட்டதோ அதற்கேற்ப வலியின் இடம் மாறும். கன்ன அறையானால் கன்னத்தில் பாரமும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களில் வலியும் தோன்றும். பல்லில் குறையொன்றும் இல்லாதிருக்க, பல்லைப் பிடுங்கக் கிளம்புவோரும் உண்டு. சல்லடை எலும்பறையானால் மூக்கின் வேரிலும் கண்களின் உள்மூலையிலும் வலிக்கும். நெற்றி அறையானால் புருவத்திற்கு மேலே வலி நிற்கும். இவ்வலிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. காலையில் எழுந்த சற்று நேரத்தில் தொடங்கி, நண்பகலை நோக்கி ஏறி, மாலையில் தணிந்துவிடும். ஆழத்தில் உள்ள ஆப்பு எலும்பறையின் வலியோ உச்சந்தலையிலும் கண்களுக்குப் பின்னாலும் பிடரியிலும் தெரியும். அது அரிது, ஆனால் எளிதில் ஏமாற்றிவிடும்.

குனியும்போது முகத்தில் பாரம் அதிகரிப்பது இந்நோயின் பழகிய அடையாளம். தொழுகையாளிகள் இதனை ஸுஜூதில் நன்கு உணர்வார்கள். நெற்றியைத் தரையில் வைத்தவுடன் கன்னமும் புருவமும் விம்முவதுபோல் இருக்கும். சிலருக்குத் தலையை உயர்த்தும்போது சளி தொண்டையில் இறங்குவது தெரியும். ஆயினும் இவ்வொரு குறியை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் குனிந்தால் வலி கூடும்.

வலியைவிட நம்பத்தக்க குறிகள் மூக்கில்தான் உள்ளன. மூக்கடைப்பு, கெட்டியான சளி மூக்கின் முன்புறமாகவோ தொண்டைக்குள்ளாகவோ வடிதல், மோப்பம் குறைதல், முகத்தில் வலி அல்லது அழுத்தம் ஆகிய நான்கையுமே மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள். மூக்கில் எவ்விதத் தொல்லையும் இன்றி, தலை மட்டும் வலிக்கிறது என்றால், அது சைனஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

காலத்தை வைத்துப் பிரிக்கும் வகைகள்

நான்கு வாரங்களுக்குள் அடங்கிவிடுவது திடீர்ச் சைனசைட்டிஸ். பன்னிரண்டு வாரங்களைக் கடந்தும் நீடிப்பது நாட்பட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதும் உண்டு. ஆண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ வந்து, இடைப்பட்ட காலத்தில் அறவே இல்லாமல் போவது மீண்டும் மீண்டும் வரும் வகை. இப்பிரிவினை ஏட்டுக்கணக்கு அன்று. மருத்துவமே இதனை ஒட்டி மாறுகிறது.

திடீரென வருவதில் மிகப் பெரும்பான்மை வைரஸ் கிருமியால் ஆனது. அதாவது சாதாரணத் தடுமனின் தொடர்ச்சி. நூறு பேருக்குத் தடுமன் வந்தால் அவர்களுள் ஓரிருவருக்கே அது பாக்டீரியாச் சைனஸாக மாறுகிறது. வைரஸை ஆன்டிபயாட்டிக் மருந்து கொல்லாது. இருந்தும் மூன்றாம் நாளே மருந்துக்கடைக்குச் சென்று, "சளி பச்சையாக வருகிறது, நல்ல மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறோம். சளியின் நிறம் பச்சையானால் பாக்டீரியா என்பது தவறான எண்ணம். கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு பொருளே அந்நிறத்தைத் தருகிறது. வைரஸ் தடுமனிலும் சில நாட்களில் சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறிப் பின்னர் தெளியும்.

அப்படியானால் பாக்டீரியா என்று எப்போது கருதலாம்? மூன்று நிலைகள் கூறப்படுகின்றன. பத்து நாட்கள் கடந்தும் சிறிதும் குறையாமல் நீடிப்பது ஒன்று. தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சலும் சீழ்போன்ற சளியும் முகவலியும் சேர்ந்து மூன்று நான்கு நாட்கள் விடாமல் வாட்டுவது மற்றொன்று. மூன்றாவதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். ஐந்தாறு நாட்களில் தடுமன் குணமாகி வருவதுபோல் தோன்றி, "அப்பாடா" என்று மூச்சு விடும் நேரத்தில், காய்ச்சலும் தலைவலியும் புதிதாகத் திரும்பி வரும். முன்னைவிட அதிகமாகவும் வரும். இவ்வாறு இரண்டாம் முறை நோய் ஏறினால் மருத்துவரைக் காணத் தாமதிக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் தேவையா, எது, எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததில் மிஞ்சிய நான்கு மாத்திரைகளை விழுங்குவது கிருமிக்குப் பயிற்சி அளிப்பதாகும்.

நாட்பட்ட வகை வேறு விதமானது. இதில் காய்ச்சல் இராது. கடும் வலியும் பெரும்பாலும் இராது. மூக்கு அடைத்தே கிடக்கும்; தொண்டையில் சளி இறங்கிக்கொண்டே இருக்கும்; காலையில் காறிக் காறித் துப்ப வேண்டியிருக்கும்; மோப்பம் சிறிது சிறிதாக மங்கும். அடுப்பில் சோறு அடிபிடிப்பதும், தம் போட்ட பிரியாணி கருகுவதும் வீட்டிலுள்ள மற்றவர் சொல்லித்தான் தெரியும் என்ற நிலைக்குச் சில இல்லத்தரசிகள் வந்துவிடுகிறார்கள். அதனைச் சிறு குறையென்று விட்டுவிடலாகாது. எரிவாயு கசிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. குழந்தைகளிலோ மோப்பத்தைப் பற்றிக் கேட்டறிய இயலாது. இரவில் தீராத இருமலும், வாய் திறந்து உறங்குதலும், வாய்நாற்றமுமே அவர்களின் அறிகுறிகள்.

நாட்பட்ட வகையிலும் மூக்கினுள் சதை வளர்ந்திருப்பது, வளராதது என இரண்டு உண்டு. சதை என்று நாம் சொல்வது உரித்த திராட்சைப் பழம்போல் பளபளப்பாகத் தொங்கும் வீக்கமே, பாலிப் என்பர். இது புற்றுநோய் அன்று, வீணாக அஞ்சவேண்டாம். இத்தகையோரில் சிலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கும். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் மூச்சுத்திணறலை உண்டாக்கும். மூக்கில் சதையும் ஆஸ்துமாவும் உடையவர்கள் வலி மாத்திரை வாங்குமுன் மருத்துவரைக் கேட்பது உயிர்காக்கும் செயல்.

ஒவ்வாமை பற்றிய பேச்சை இங்கே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். அடுக்கடுக்கான தும்மலும் கண் அரிப்பும் நீர் போன்ற மூக்கொழுகலும் ஒவ்வாமையின் குறிகள். இவை நீடித்தால் துவாரங்கள் வீங்கிச் சைனஸுக்கு வழிகோலும். சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கடுமையான அத்தர் ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளை குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் வழக்கமுள்ள வீடுகளில், குழந்தைக்கு மூக்கடைப்பு இருக்கும் நாட்களிலேனும் அதனை நிறுத்திவையுங்கள்.

நீரிழிவு உள்ள இல்லங்கள் கவனிக்க

பூஞ்சைக் காளானால் வரும் சைனஸ் பல தரப்பட்டது. ஓர் அறைக்குள் மட்டும் பந்துபோல் திரண்டு பல ஆண்டுகள் அமைதியாகக் கிடப்பதும் உண்டு. ஒவ்வாமையால் பிசின் போன்ற கெட்டிச் சளியாக நிரம்புவதும் உண்டு. இவ்வகை நம் நாட்டில் அரிதன்று. ஆனால் இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவித் திசுக்களை அழுகச் செய்யும் மியூகார் வகையே கொடியது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்னும் பெயரில் நாடெங்கும் இது பரவலாகக் கண்டறியப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக ஆக்கிற்று. ஆம்போடெரிசின் மருந்துக்காக மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள்.

அந்த அலை ஓய்ந்துவிட்டது, நோய் ஓயவில்லை. கொரோனாவுக்கு முன்னரும் இது நம் நாட்டில் இருந்தது. கட்டுப்படாத சர்க்கரை நோயே இதற்கு முதன்மையான வாசல். சர்க்கரை மிகுந்து, இரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏறும் நிலையில் இப்பூஞ்சை விரைந்து பரவுகிறது. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்போரும், ஸ்டீராய்டு மாத்திரையை அதிக நாள் உட்கொள்வோரும் இதே எச்சரிக்கைக்கு உரியவர்கள்.

ஆகவே, வீட்டில் சர்க்கரை நோயுள்ள உம்மாவோ வாப்பாவோ ஒரு பக்க முகம் வலிக்கிறது என்று சொன்னால், அதனை மற்றவர்களின் தடுமனோடு ஒன்றாக எண்ணாதீர்கள். கன்னம் மரத்துப்போதல், ஒரு பக்கக் கண் வீங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல், மூக்கிலிருந்து கருமை கலந்தோ இரத்தம் கலந்தோ சளி வருதல், மேல்வரிசைப் பற்கள் காரணமின்றி ஆடுதல், மேலண்ணத்தில் கருந்திட்டு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விளக்கொளியில் வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். இந்நோயில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. சில நாட்களில் கண்ணைக் கடந்து மூளையை அடைந்துவிடும்.

ஒரே பக்கம் என்றால்

சாதாரணத் தடுமன் இரு நாசியையும் பிடிக்கும். எனவே ஒரே பக்கத்தில் நிலைத்து நிற்கும் தொல்லைக்கு எப்போதும் தனிக் காரணம் தேடவேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நாசியில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், முன்னே சொன்ன பல்லை நினைவுகொள்ளுங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் கன்ன அறையின் தரையை ஒட்டியே உள்ளன. சொத்தை ஆழமாகி வேரில் சீழ் பிடித்தால் அது அறைக்குள் ஏறிவிடும். இங்கே பல்லைச் சரிசெய்யாமல் மூக்குக்கு எத்தனை மருந்து ஊற்றினாலும் பயனில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து பார்க்கவேண்டிய நோய் இது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வடிந்தால், அது சைனஸ் அன்று; மூக்கினுள் எதையோ திணித்துக்கொண்டுள்ளது என்றே முதலில் கொள்ளுங்கள். புளியங்கொட்டை, பாசிமணி, பஞ்சு, ரப்பர்த் துண்டு என எதுவாகவும் இருக்கலாம். விளையாட்டுப் பொருளில் உள்ள பொத்தான் வடிவப் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துத் துளையிட்டுவிடும். நீங்களே கொண்டை ஊசியால் எடுக்க முயன்று உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

குனியும்போது, குறிப்பாக ருகூஉவிலும் ஸுஜூதிலும், ஒரு நாசியிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறதா? சளியின் பிசுபிசுப்பு இல்லாமல் உப்புக் கரிக்கிறதா? தலையில் அடிபட்ட பிறகோ, சிலருக்குக் காரணம் எதுவும் இன்றியோ, மூளையைச் சூழ்ந்துள்ள நீரே இவ்வாறு கசிவதுண்டு. இதனை ஒவ்வாமை என்று பல மாதங்கள் விட்டுவைப்போர் இருக்கிறார்கள். அக்கசிவின் வழியே கிருமி உள்ளே சென்றால் மூளைக்காய்ச்சல் வரும். இறுதியாக, நடுவயதைக் கடந்தவர்க்கு ஒரு பக்க மூக்கடைப்பும் இரத்தம் கலந்த சளியும் தொடர்ந்தால் உட்கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும்.

சைனஸின் பெயரில் உலவும் தலைவலிகள்

2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இங்கே கூறவேண்டும். தமக்குச் சைனஸ் தலைவலி என்று தாமே எண்ணியிருந்தோரும், மருத்துவரால் அவ்வாறு சொல்லப்பட்டோருமாக ஏறத்தாழ 3,000 பேர் அதில் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் வகையே. மைக்ரேன் வரும்போது மூக்கு அடைப்பதும் கண்ணில் நீர் வருவதும் உண்டு; குழப்பம் அதனால்தான்.

எவ்வாறு பிரிப்பது? தலைவலி சில மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ இருந்து முற்றிலும் மறைந்து மீண்டும் வருகிறதா? வெளிச்சமும் இரைச்சலும் பொறுக்கமுடியவில்லையா? குமட்டுகிறதா? பசித்திருந்தால், உறக்கம் கெட்டால், வெயிலில் அலைந்தால், மாதவிலக்கை ஒட்டி வருகிறதா? இருட்டறையில் படுத்தால் தேவலையா? அப்படியாயின் மைக்ரேன் என்றே எண்ணுங்கள். நோன்பின் முதல் சில நாட்களில் மாலைவேளையில் வரும் தலைவலியும் பெரும்பாலும் சைனஸ் அன்று. பசியும் நீர்க்குறைவும், வழக்கமான தேநீர் நின்றுபோனதும்தான் காரணம்.

கண் வீங்கினால் காத்திராதீர்கள்

சல்லடை எலும்பறைக்கும் கண்குழிக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம்போல் மெல்லியது. அதனால் குழந்தைகளுக்குச் சைனஸ் சீழ் கண்பக்கம் பரவுவது எளிது. தடுமனும் காய்ச்சலுமாக இருந்த குழந்தையின் ஒரு கண்ணிமை ஒரே இரவில் சிவந்து வீங்கி மூடிக்கொண்டால், பூச்சி கடித்திருக்கும் என்று தாய்ப்பால் விட்டும் நந்தியாவட்டைப் பூ வைத்தும் நேரம் கழிக்காதீர்கள். கண் முன்னே பிதுங்கினாலோ, அசைக்க முடியாமற் போனாலோ, பார்வை மங்கினாலோ அது அவசர நிலை. நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கடுமையான தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், உளறல் ஆகியவையும் அவ்வாறே. வளரும் பருவத்துப் பையன்களுக்கு நெற்றிச் சைனஸிலிருந்து மூளையைச் சுற்றிச் சீழ் கட்டுவது அரிதாயினும் நிகழக்கூடியது.

வீட்டில் செய்யத்தக்கவை

நொச்சியிலை போட்டு ஆவி பிடிப்பது இதம் தரும். நோயைப் போக்குவதாக எண்ணவேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகளின் முன் வைக்கவே கூடாது. சரிந்து வெந்துபோன பிள்ளைகள் ஏராளம். சுக்குப் பற்றும் நீர்க்கோவை மாத்திரையும் நெற்றித் தோலுக்குச் சூட்டைத் தருவன. உள்ளே இருக்கும் சீழுக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

உண்மையாகவே பயன் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். கால் லிட்டர் நீரை நன்கு கொதிக்கவைத்து, குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்த பின் ஆறவைத்து, அயோடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகவும் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகையும் கலந்து, இளஞ்சூட்டில் பயன்படுத்தவேண்டும். குனிந்து தலையைச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் நாசியில் விட்டால் கீழ் நாசி வழியே வெளியேறும். நாட்பட்ட சைனஸ் உள்ளவர்களுக்கு இது எளிய, செலவற்ற துணை.

கொதித்த நீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரை அப்படியே மூக்குக் கழுவும் குவளையில் ஊற்றிப் பயன்படுத்திய இருவர், மூளையைத் தின்னும் நெக்ளேரியா என்னும் அமீபாவால் இறந்தனர். 2008, 2009 ஆண்டுகளில் கராச்சியில் இந்நோய் கண்ட 13 பேரைப் பற்றிய ஆய்வில், அவர்களுள் பெரும்பாலோர் குளத்தில் நீந்தியவர்கள் அல்லர் என்பதும், மூக்கினுள் செலுத்தப்பட்ட குழாய் நீரே ஐயத்திற்குரியது என்பதும் தெரியவந்தது. அண்மையில், 2024-இலும் 2025-இலும், கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் ஒளூச் செய்கிறார்கள். இந்நோயோ மிக மிக அரிது. ஆதலால் அச்சம் வேண்டாம். வீட்டு மேல்நிலைத் தொட்டியையும் பள்ளிவாசல் ஹவுளையும் காலந்தோறும் கழுவிக் குளோரின் இடுவதும், பாசிபிடித்த வெதுவெதுப்பான நீரை மூக்கினுள் வேகமாக உறிஞ்சாதிருப்பதும் போதுமான காப்பு. ஆனால் சைனஸுக்காகப் புட்டி கொண்டு மூக்கின் ஆழம்வரை கழுவுவோர் கொதித்தாறிய நீரைத் தவிர வேறெதையும் தொடலாகாது.

மூக்கடைப்பை ஒரே நிமிடத்தில் திறக்கும் சொட்டு மருந்துகள் உள்ளன. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் என்ற பெயர்கள் புட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட இறுக அடைக்கும், மறுபடியும் சொட்டு, மறுபடியும் அடைப்பு. தலையணைக்கடியில் அப்புட்டி இல்லாமல் உறங்கமுடியாதவர்களை நீங்களும் அறிந்திருப்பீர்கள். அவர்களுக்கு இப்போது இருப்பது சைனஸ் அன்று, மருந்தால் வந்த நோய்.

நாட்பட்ட நோய்க்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்குத்தெளிப்பான் இதனின் வேறானது. அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுமையாகத் தொடரவேண்டும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். மூக்கில் தெளிக்கும் சிறிய அளவு மாத்திரையைப் போன்றதன்று. வலக்கையால் இட நாசியிலும், இடக்கையால் வல நாசியிலும், நடுச்சுவரில் படாமல் கண்ணின் வெளிமூலையை நோக்கித் தெளித்தால் இரத்தம் கசியாது. நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறைதான் தேவை என்பதால், ரமலானில் நோன்பு திறந்த பின்னும் ஸஹர் நேரத்திலும் வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

வளைகுடாவிலிருந்து வரும் கணவரோ மகனோ கடும் மூக்கடைப்போடு விமானம் ஏறினால், இறங்கும் நேரத்தில் புருவத்தில் கத்தி குத்துவதுபோல் வலி எடுக்கும். அறைக்குள் உள்ள காற்றின் அழுத்தம் வெளியோடு சமமாக முடியாததே காரணம். மேற்சொன்ன சொட்டு மருந்துக்கு ஏற்ற வேளை இதுதான். விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்னர் விட்டுக்கொள்ளலாம்.

அறுவை வேண்டுமா?

"ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரும்" என்ற பேச்சு பரவலாக உள்ளது. அதில் பாதி பழைய காலத்து உண்மை. முற்காலத்தில் கன்ன அறையின் அடியில் துளையிட்டுக் கழுவினார்கள். சளி அத்துளை வழியே வடியும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்ட்டர் மெஸ்ஸர்கிளிங்கர், அடியில் எவ்வளவு பெரிய துளை இருந்தாலும் நுண்மயிர்கள் சளியை அதன் இயற்கைத் துவாரத்தை நோக்கியே எடுத்துச் செல்கின்றன என்று காட்டினார். அதன்பின் 1980-களில் உள்நோக்கிக் குழாயின் உதவியால் அந்த இயற்கைத் துவாரத்தையே அகலப்படுத்தும் அறுவை உலகெங்கும் பரவிற்று. முகத்தில் தழும்பு விழாது. எனினும் ஒவ்வாமையும் சதை வளர்ச்சியும் உடையவர்கள், அறுவைக்குப் பின்னரும் கழுவுதலையும் தெளிப்பானையும் விடலாகாது. அவற்றை விட்டுவிட்டவர்களுக்கே பெரும்பாலும் மீண்டும் வருகிறது.

சாதாரண எக்ஸ்ரே படத்தால் இந்நோயில் தெரியவருவது சொற்பம். முறையாக மருந்தெடுத்தும் தீராதபோது, அல்லது அபாயக் குறிகள் தென்படும்போது, சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். ஒரு தடுமனுக்காக ஓடிச்சென்று எடுத்துவிடாதீர்கள். தடுமன் பிடித்த எவருடைய படத்திலும் சவ்வு தடித்தே தெரியும். எடுத்த படத்தைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரிடம் செல்லும்போது எத்தனை வாரமாகத் தொல்லை, எந்தப் பக்கம், என்ன மருந்து எத்தனை நாள் உண்டீர்கள், சர்க்கரை எவ்வளவு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.